போகாத நேர்காணல்

பல் மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்கு நான் போகவில்லை என்பது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் போகவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். தங்கச்சி போன துக்கம் என்பார்கள் சிலர். சேவை செய்யக் கிளம்பிவிட்டாள் என்பார்கள் வேறு சிலர், வாயை லேசாகக் கோணிக்கொண்டு. இரண்டையும் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் நடந்ததை நான் இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

என் தங்கை என்னைவிட மூன்று வயது இளையவள். பிறக்கும்போது மூச்சு முட்டியதில் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். தாமதமாக நடந்தாள். எதைப் பார்த்தாலும் சிரிப்பாள். பேச்சு வரவில்லை. 'க்கா' என்று ஒரு சத்தம் மட்டும் உண்டு, அது என்னைக் கூப்பிடுவது. வலிப்பு நோயும் இருந்ததால் காலையிலும் இரவிலும் மருந்து கொடுக்க வேண்டும். மருந்து கசப்பு. துப்பிவிடுவாள். அதனால் அம்மா ஒரு கையில் மருந்தும் மறு கையில் உடன்குடிக் கருப்பட்டித் துண்டுமாக உட்காருவாள். மருந்து உள்ளே போனதும் கருப்பட்டி. தங்கை அதைக் கடிக்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே தூங்கிப்போவாள். அவள் மருந்தைத் துப்பாமல் குடித்த நாளெல்லாம் எங்கள் வீட்டில் நல்ல நாள்தான். பல்லைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அவளுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது திடீரென்று சுவரில் கன்னத்தை இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினாள். தன் கையைத் தானே கடித்தாள். "பிடிவாதம் பிடிக்கா" என்று அம்மா சொன்னாள். வயசுக்கு வரப்போகிற சமயம், அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சில வாரங்கள் கழித்து ஒரு பக்கம் கன்னம் வீங்கிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அத்தனை நாளும் வலித்திருக்கிறது. வலி என்று சொல்ல அவளிடம் சொல் இல்லை.

பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் வண்ணார்பேட்டையில் ஒரு பல் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். நாற்காலியைப் பார்த்ததுமே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவும் நானும் தூக்கி உட்காரவைத்து, நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் விரலை வைத்ததும் கடித்துவிட்டாள். அவர் கோபப்படவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, இங்கே முடியாது, மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்றார். இன்னொருவரும் அதையே சொன்னார். கடைசியில் மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். இவளுக்கு அடிக்கடி மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, அதனால் கெட்டுப்போன பல்லையும் இனிமேல் கெடப்போகிற பல்லையும் ஒரேயடியாக எடுத்துவிடலாம் என்றார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எங்களுக்கு அன்றைக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

மயக்கம் தெளிந்ததும் தங்கை வாய்க்குள் விரலை விட்டுத் தேடினாள். இந்தப் பக்கம் தேடிவிட்டு அந்தப் பக்கம் தேடினாள். ரத்தம் படிந்த விரலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி விட்டாள். ஊருக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அப்படியே தேடிக்கொண்டு வந்தாள். முன்பக்கம் கீழ்வரிசையில் நாலைந்து பல் மட்டும் விட்டிருந்தார்கள்.

அதன் பிறகு சோற்றைக் குழையப் பிசைந்து தேங்காய்ப்பால் சொதி ஊற்றித்தான் கொடுப்போம். அவளுக்குப் பொரிகடலை உயிர். பழைய ஞாபகத்தில் ஒரு கை அள்ளி வாயில் போடுவாள். கொஞ்ச நேரம் நாக்கால் புரட்டிப் பார்த்துவிட்டு, என் உள்ளங்கையை இழுத்து அதில் துப்பிவிடுவாள். அம்மா வீட்டில் கருப்பட்டி வாங்குவதை நிறுத்தினாள். அப்பா சீனிக் காபிக்கு மாறிக்கொண்டார். ஏன் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கே பல் டாக்டர் ஆவேன் என்று சபதம் செய்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அந்த வருடம் பத்தாம் வகுப்புப் பரீட்சை, அந்தக் கவலைதான் இருந்தது. பிளஸ் டூ முடித்து நீட் எழுதும்போது என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டவர்களிடம் பல் மருத்துவம் என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. டாக்டருக்குப் படிக்க மார்க் வராது என்று இப்போதே முடிவு செய்துவிட்டாளா என்று கேலி செய்தார்கள். 

முதல் முறை எழுதியதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு வருடம் வீட்டில் இருந்து மறுபடி படித்தேன். அந்த வருடம் தங்கையைச் சிறப்புப் பள்ளிக்குக் கூட்டிப்போவது என் வேலை. எங்கள் வீடு இருக்கும் டவுனிலிருந்து பஸ் ஏறி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வண்ணார்பேட்டையில் இறங்கி, உள்ளே ஒரு தெருவில் நடக்க வேண்டும். திரும்பிப் போய் மறுபடி வருவதற்குப் பதிலாக நான் பள்ளி வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்து படிப்பேன். மத்தியானம் அவளுக்கு ஊட்டுவேன். அவள் பக்கத்து நாற்காலியில் ஏறக்குறைய அதே வயதில் ஒரு பெண் உட்காருவாள். அவளுக்கும் பேச்சு கிடையாது. நான் ஒரு வாய் தங்கைக்குக் கொடுத்தால் அடுத்த வாய் தனக்கு என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டுதான் வாசல் வரை வருவார்கள்.

இரண்டாம் முறை எனக்கு வந்த மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காது. தனியார் கல்லூரியில் கிடைக்கும், ஆனால் மின்வாரியத்தில் கணக்கு எழுதுகிற அப்பாவால் அந்தக் கட்டணம் கட்ட முடியாது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியை நடத்தும் அறக்கட்டளை, வசதியில்லாத சில பிள்ளைகளை முழுச் செலவும் ஏற்றுப் படிக்க வைக்கிறது என்று சென்னையில் இருக்கும் சித்தப்பா கண்டுபிடித்துச் சொன்னார். விண்ணப்பம் போட்டேன்.

அதற்கு அடுத்த மாதம், ஆடியில், தங்கை இறந்துபோனாள். காலையில் எழுப்பப் போன அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது. முதலில் வழக்கம்போல, பிறகு வேறு மாதிரி. தூக்கத்தில் வலிப்பு வந்திருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த எனக்குக்கூட ஒரு சத்தமும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் கருப்பந்துறைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்பா ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றார். அவள் மருந்துக்காக அவர் போனில் வைத்திருந்த அலாரம் மறுநாள் காலையில் அடித்தது. அதற்கு அடுத்த நாளும் அடித்தது. எப்படி நிறுத்துவது என்று தெரியாதவர் இல்லை அவர். பல நாள் அது அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து கொஞ்ச நாளில் கல்லூரியிலிருந்து போன் வந்தது. புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை நேர்காணல். அம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தலையை வாரிக் கொண்டை போட்டாள். அப்பா ரயில் டிக்கெட் எடுத்தார்.

சித்தப்பா ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலையில் இருப்பவர். நேர்காணலுக்குத் தயார் செய்கிறேன் என்று தினமும் போனில் கூப்பிட்டார். எதற்காகப் பல் மருத்துவம் என்றுதான் முதலில் கேட்பார்கள், தங்கை விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அதற்கே இடம் கொடுத்துவிடுவார்கள் என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். தங்கை மேல் அவருக்கும் பாசம் உண்டு. நான் சொல்லிக் காட்டினேன். சுவரில் கன்னத்தை இடித்தது, மதுரை, வாய்க்குள் விரலை விட்டுத் தேடியது. முதல் தடவை பாதியில் அழுதுவிட்டேன். பரவாயில்லை, மறுபடி சொல்லு என்றார். மறுநாள் அழாமல் கடைசி வரை சொல்லி முடித்தேன்.

"விரலை விட்டுத் தேடினாள்னு சொல்லுற பாரு, அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்து. உடனே அடுத்ததுக்குப் போயிராத" என்றார்.

அதற்கும் அடுத்த நாள் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சொன்னேன். அந்த இடத்தில் நிறுத்தினேன். நன்றாக வந்தது. கண்ணாடியில் என் முகம் எந்த அளவுக்குச் சோகமாக இருக்க வேண்டுமோ அந்த அளவுக்குச் சோகமாக இருந்தது. எனக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. அவள் கட்டிலை இன்னும் பிரித்துப் போடவில்லை, என் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. நான் அதில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் அவளுடைய உடுப்புகளில் நல்லவற்றை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். யாருக்காவது உதவும் என்று அம்மாதான் கொடுத்துவிட்டாள். நான் உள்ளே நுழைந்ததும் பக்கத்து நாற்காலிப் பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். பிறகு என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கையை விட்டுவிட்டு வாசலுக்குப் போய்க் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். தினமும் இப்படித்தான் நிற்கிறாள் என்றார் தலைமை ஆசிரியை. உள்ளே அழைத்து வந்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்விடுகிறாளாம்.

அந்த வகுப்பைப் பார்த்துக்கொண்ட இரண்டு பேரில் ஒருவர் பிரசவத்துக்குப் போயிருந்தார். ஒரு வருடத்துக்குத் தொண்டராக யாராவது வந்தால்தான் வகுப்பு நடக்கும், இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான் என்றார் தலைமை ஆசிரியை. சம்பளம் கிடையாது. மதியச் சாப்பாடும் பஸ் செலவும் கொடுப்பார்கள். நான் வரட்டுமா என்று கேட்டேன். யோசிக்காமல் கேட்டுவிட்டேன். அவருக்கு என் நேர்காணல் விஷயம் தெரியும்.

"கோயம்புத்தூர் போறது வரைக்கும்னா வேண்டாம்மா" என்றார். "இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ஆள் பழகவே ஒரு மாசம் ஆவும். பழகுன பெறவு விட்டுட்டுப் போறதுக்கு நீ வராமலே இருக்கலாம். வந்தா ஒரு வருசம் இருக்கணும். வாரதா இருந்தா திங்கக்கிழமையே வா."

அதே திங்கட்கிழமை. வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அவளுக்குச் செஞ்சது போதும்ட்டி. இனி ஒனக்குச் செய்யி" என்றாள்.

"ஒரு வருசந்தாம்மா. அடுத்த வருசம் மறுபடி எழுதுதேன்."

"அவ போயிட்டா. அந்தப் பள்ளிக்கூடத்துல போயித் தேடுனாலும் அங்கன அவ இருக்க மாட்டா, கேட்டியா?"

 கண்ணாடி முன்னால் நடந்ததை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தங்கையின் வாயைத் திறந்து அந்நியர்களுக்குக் காட்டி எனக்கு ஒரு இடம் வாங்கப் போகிறேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு விழுந்துவிட்டது. அது சரியான நினைப்பா என்று இன்றைக்கும் தெரியாது. தங்கை இருந்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டேன். அவளையே கூட்டிக்கொண்டு போய்க்கூட நின்றிருப்பேன். அவள் இல்லாதபோது அவளைப் பற்றி அழகாகச் சொல்லத் தெரிந்துவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதைவிட, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தப் பெண். ஊரில் என் தங்கையை இன்னும் ஒருத்தி எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளை விட்டுவிட்டு எங்கே போவது?

அம்மா அப்பாவைப் பார்த்தாள், நீங்களாவது சொல்லுங்கள் என்பது போல. அப்பா போனைக் கையில் எடுத்து, "டிக்கெட்ட ரத்து பண்ணிரட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கும்போது வண்ணார்பேட்டை முழுக்க ஒரே மேளச் சத்தம். குலசை தசராவுக்கு மாலை போட்டவர்கள் காளி வேஷத்திலும் குரங்கு வேஷத்திலும் கடை கடையாகக் காணிக்கை கேட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மேளம் பள்ளித் தெருவுக்குள் வந்ததும் பிள்ளைகளில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டு அலறினார்கள். ஒரு பையன் பயத்தில் பாவாடை போல விரிந்த என் சுடிதாருக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அங்கேயே ஒன்றுக்குப் போய்விட்டான். கோயம்புத்தூரில் என் பெயரைக் கூப்பிட்டிருக்கக்கூடிய நேரத்தில் நான் பள்ளிக் கழிப்பறையில் துணியை அலசிக்கொண்டிருந்தேன். வருத்தமாக இல்லை. சந்தோஷமாகவும் இல்லை. கைக்கு வேலை இருந்தது.

அம்மா என்னோடு கார்த்திகை வரை சரியாகப் பேசவில்லை. சித்தப்பா போன் செய்வதை நிறுத்திக்கொண்டார்.

பக்கத்து நாற்காலிப் பெண்ணோடு தினமும் வாசலில் நின்றேன். வேறு யாருக்கும் தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகக் காத்திருப்பது போல இருக்கும். அவள் ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் நிமிர்வாள். பைய அவள் தோளைத் தொட்டு உள்ளே கூட்டிவருவேன். மார்கழி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு ஒரு நாள் நான் வாசலுக்குப் போனபோது அவள் வரவில்லை. உள்ளே புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் வரவில்லை. ஆசிரியைகள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், எத்தனை நாளாக அந்தப் பிள்ளையை வாசலிலிருந்து கூட்டிவரப் பாடுபட்டோம் என்றார்கள். நானும் சிரித்தேன். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் நின்றேன். அன்றைக்குத்தான் என் தங்கை எனக்கு முழுசாக இறந்துபோனாள் என்று தோன்றுகிறது.

ஒரு வருடம் முடிந்தது. சொன்னபடி மறுபடி பரீட்சை எழுதினேன். பிள்ளைகளோடு பொழுது போக, மிச்ச நேரத்தில் படித்த படிப்பு, முந்தைய மதிப்பெண்கூட வரவில்லை. அந்த அறக்கட்டளை ஒருமுறை கூப்பிட்டு வராதவர்களை மறுபடி கூப்பிடுவதில்லையாம். பிரசவத்துக்குப் போனவர் வேலைக்குத் திரும்பவில்லை. நான் அங்கேயே சிறிய சம்பளத்துக்குச் சேர்ந்து, சிறப்புக் கல்வியில் பட்டயம் படித்தேன். இப்போது அந்த வகுப்பு என் வகுப்பு.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு நான் பல் தேய்த்துவிடுவது வழக்கம். இது யாரும் சொல்லிச் செய்ததல்ல. அப்படித் தேய்க்கும்போது ஒரு நாள் பக்கத்து நாற்காலிப் பெண்ணின் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவள் வாயை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். அவள் வீட்டில் கேட்டுக்கொண்டு, பாளையங்கோட்டையில் புதிதாகத் திறந்திருந்த ஒரு சின்னக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பெண், என் வயதுதான் இருக்கும். என் தங்கையைப் போலவே இவளும் நாற்காலியைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்தாள். டாக்டரும் தரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவ்வளவுதான். நாற்காலியின் பொத்தானை அழுத்தி மேலே ஏற்றிக் கீழே இறக்கிக் காட்டிவிட்டு அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் நாற்காலியில் உட்கார்ந்து மேலே போய்க் கீழே வந்தாள். அடுத்த தடவை வாய்க்குள் கண்ணாடி. அதற்கடுத்த தடவை, இயந்திரத்தைத் தொடாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிவிட்டு வெள்ளையாக ஒரு மருந்தை வைத்து அடைத்தார். அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கடிக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி முடியாது, சீக்கிரம் பார்த்ததால் முடிந்தது என்று டாக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். தங்கைக்கு நாங்கள் பார்க்கும்போது காலம் கடந்துவிட்டிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீங்கிப்போன பிறகு என்ன செய்திருக்க முடியும்?

அந்தப் பெண்ணை அவள் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. பாலம் முழுக்க அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்ன ஏது என்று கேட்காமல் சன்னல் ஓரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சில நாள் கழித்து, அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். தரையில் உட்கார்ந்ததிலிருந்து கடைசியில் அடைத்தது வரை. அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு,

"எத்தன வாட்டி கூட்டிட்டுப் போன?" என்றாள்.

"நாலு வாட்டிம்மா."

"நாலு வாட்டிதானா" என்றாள்.

பிறகு நறுக்கியதை அள்ளிச் சட்டியில் போட்டு, மூடி வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் போகவில்லை. காய் அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டு அடுப்படியிலேயே நின்றேன்.